உரிமையாளர் நேரில் வரவும்

செவ்வாய்க் கிரகத்தில் கல்யாணத்துக்கு யாரும் நேரில் போய் வெகு காலமாகிறது. மாற்றுருவை அனுப்பினால் போதும். அசலின் முகம், அசலின் குரல், அசல் இதுவரை பேசிய பேச்செல்லாம் அதற்கு அத்துப்படி. போய் மணமக்களை வாழ்த்தும், சொந்தக்காரர்களிடம் இளைத்துவிட்டீர்களே என்று அங்கலாய்க்கும், சாப்பிட முடியாது என்பதால் பாயசத்தைப் பார்த்தே பாராட்டிவிட்டுத் திரும்பும். சில கல்யாணங்களில் மாப்பிள்ளையே மாற்றுருதான் என்று பேச்சு உண்டு. நாம் அதற்குள் போக வேண்டாம்.

குயிலிக்கு இதில் குறையொன்றும் இருந்ததில்லை, அவள் மகன் நிலவன் தீபாவளிக்குத் தன் மாற்றுருவை அனுப்பிவைக்கும் வரை. அவள் நான்காம் குமிழி நகரத்தில் காற்று நிலையத்துப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவன் இருப்பது ஐந்தாம் குமிழியில். சுரங்க வண்டியில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடக்கூட நேரமிருக்காது. ஆனாலும் அவனை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய் வருஷம் என்பதால் பூமிக் கணக்கில் ஏறக்குறைய இரட்டிப்பு.

பெற்றவளை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. கடற்குதிரைக்கு இருந்தது.

பூமியிலிருந்து வந்த உயிர் எதுவானாலும், அதைப் பதிவு செய்த உரிமையாளரும் பராமரிப்பவரும் தினமும் காலையில் அதன் முன் நேரில் நிற்க வேண்டும். மாற்றுரு செல்லாது. மீறினால் குளிக்கும் தண்ணீர் ரத்து. குயிலி ஒரு கடற்குதிரை ஜோடியைத் தருவித்து, மகனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று அவன் பெயரில் பதிவு செய்தாள். ஐந்தாம் குமிழியில் எந்நேரமும் பாறை குடைகிறார்கள். கடற்குதிரை அதிர்வைத் தாங்காது. ஆகவே தொட்டி அம்மா வீட்டில்தான். எவ்வளவு நல்ல சட்டம் என்று அன்றைக்கு அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

துருவப் பனியை உருக்கி, உப்புக் கலந்து, மீன் விடாமலே ஒரு மாதம் தொட்டியைச் சும்மா ஓடவிட்டாள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குடியேறிய பிறகுதான் கடற்குதிரை குடியேற முடியும். நீந்துவதில் அவை மகா சோம்பேறிகள் என்பதால் பம்பின் வேகத்தைக் குறைத்தாள். வாலைச் சுற்றிக்கொள்ளப் பவளக் கிளைகளும் கடற்புல்லும் நட்டாள். வயிறே இல்லாத பிராணி, தின்றது நிற்காது; திரும்பத் திரும்ப இறால் குஞ்சு போட வேண்டும், அதுவும் உயிரோடு துள்ள வேண்டும்.

விடிந்ததும் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடிப் போய், வாலைக் கோத்துக்கொண்டு, நிறம் மாறிச் சுற்றிச் சுற்றி ஆடும். நேற்றுத்தானே ஆடினோம் என்று ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

நிலவன் வந்தான். குயிலி அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். நிஜத் தோள்தான். கடற்குதிரைகள்கூடக் கண்ணாடி ஓரம் வந்து அவனை வேடிக்கை பார்த்தன.

"சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு. வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல."

மறுநாளும் அதேதான். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்கோ, காதுக்குள் பதித்திருந்த செவித்துகளில் அலுவலகம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் அவன் தன் மாற்றுருவின் பிடரியில் இருந்த, அது அசல் இல்லை என்று காட்டும் அடையாளப் புள்ளியைத் தேய்த்து அழித்துவிட்டு, அதை அம்மா வீட்டுக்கு அனுப்பினான். அம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று அது வந்து சொன்னபோது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வித்தியாசம் தெரிவதற்கு அம்மா அங்கே இருந்தால்தானே. அதே வாரத்தில் குயிலிக்கு மூன்றாம் குமிழியின் காலை நேரக் கபடிக் குழுவில் இடம் கிடைத்திருந்தது. மகன் எப்படியும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று அவளும் தன் மாற்றுருவின் புள்ளியை அழித்தாள்.

அதன் பிறகு நாலு மாதம் இரண்டு மாற்றுருக்களும் தினமும் தொட்டி முன் நின்று, சாப்பாட்டை விசாரித்து, வேறொன்றுமில்லை என்று பிரிந்தன. அவ்வளவு ஒற்றுமையான தாயும் மகனும் அந்தக் குமிழியிலேயே கிடையாது.

ஏமாறாதவை கடற்குதிரைகள் மட்டும்தான். எதை வைத்துக் கண்டுபிடித்தன என்று விஞ்ஞானம் இன்னும் சொல்லவில்லை. கண்ணாடி ஓரம் வருவதை நிறுத்தின, வெளிறின, கடைசியில் காலை ஆட்டத்தையும் விட்டன. தொட்டியின் உணரிகள் உயிர்க்காவல் துறைக்குச் சொல்லிவிட்டன.

சோதனைப் பொறி ஒன்று வந்து, மாற்றுருக்கள் இரண்டின் இயக்கத்தையும் நிறுத்தி மூலையில் சாய்த்துவிட்டு, அசல்களை வரச் சொல்லி ஆணையிட்டது. இருவரும் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார்கள். மூலையில் சாய்ந்து கிடந்த தங்களையே பார்த்தார்கள். யாரை யார் திட்டுவது?

பொறி மரியாதையாகவே பேசியது. "உடம்பை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. மாற்றுருவுக்கும் இப்போது சூடு உண்டு, வியர்வை உண்டு. புள்ளியை நீங்களே அழித்திருக்கிறீர்கள். ஒரு மாற்றுரு வைத்திருப்பவர் இன்னொன்று வைத்திருக்க மாட்டாரா? உங்களுக்குள் இயல்பாகப் பேசுங்கள். அசல்தான் என்று தெரிந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறேன், கடற்குதிரைகள் இங்கேயே இருக்கும்."

குயிலி மகனைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. மாற்றுருவில் அந்த நரை இல்லை. எப்போது நரைத்தது, சரியாகத் தூங்குகிறாயா, நீயும் என்னை ஏமாற்றினாயா என்று கேட்க ஆயிரம் இருந்தது. கடற்குதிரைகள் போய்விட்டால் இவன் இந்த வாசல்படி மிதிக்கவே மாட்டான் என்பதும் தெரிந்திருந்தது. அவனுக்கும் ஏதோ சொல்ல இருந்தது போலத்தான் தெரிந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

பொறி காத்திருந்தது. இரக்கமுள்ள பொறி, இன்னும் கொஞ்சம் காத்திருந்தது.

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல."

பொறி அதை நாலு மாதப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு வித்தியாசமும் இல்லை, நடுவில் விட்ட இடைவெளிகூட அதேதான். கடற்குதிரைகளை நீர்ப்பையில் பத்திரமாக இறக்கிக்கொண்டு புறப்பட்டது. வாசலில் நின்று திரும்பி, "உங்கள் அசல்கள் வந்தால், துறையைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள்" என்றது.

"சரி, சொல்லிடறோம்" என்றார்கள் அம்மாவும் மகனும்.