கல் வாசலில் கூப்பிட்ட பெயர்

"ஏங்க, சிவப்புக் குடை! சொல்லாம போகாதீங்க!"

ஒலிபெருக்கியில் அலறினான் சுற்றுலா வழிகாட்டி. பஸ் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வெய் ஷுவாங் நின்றாள். முகம் சிவந்தது. பாதி வெட்கம், பாதி கோபம்... இல்லை, முழுக்கக் கோபம்தான்.

மிங் பேரரசர் ஒருவரின் கல்லறை அது. மண்ணுக்கு அடியில் இருக்கும் குளிர்ந்த மண்டபங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இந்தக் கல் வாசலைத் தாண்டும்போது உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, "நான் திரும்பி வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உயிரில் ஒரு துண்டு செத்தவர்களோடு உள்ளேயே தங்கிவிடுமாம். பெய்ஜிங்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது விளையாட்டு. சிரித்துக்கொண்டே கத்திவிட்டுப் போவார்கள்.

ஷுவாங் கத்தவில்லை. காலையிலிருந்தே அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. கான்சு மலையிலிருந்து, மகள் வேலை பார்க்கும் தலைநகரத்துக்கு முதல் முறையாக வந்திருந்தாள் அம்மா. ஃபிளாஸ்க்கை நீட்டி வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று பஸ்ஸில் கேட்டபோது, அந்த மலைப் பேச்சைக் கேட்டுப் பின் சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் கத்தியதையே தானும் கத்துவதா?

"உங்க வேலை குடையை எண்ணுறது. என் உயிரை எண்ண வேண்டாம்," என்றாள்.

"ஐயோ மேடம், ஒரு வார்த்தைதானே?"

"கீழ அவ்வளவு நேரம் ராஜா புகழ் பாடினீங்களே... இந்தக் கல்லறையைத் தோண்டிச் செத்த ஆளுங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவன் ஒலிபெருக்கியை அணைத்தான். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்... திட்டு வாங்கியும் கோபப்படத் தெரியாத கண்கள்.

"சொல்லல. சொல்லியிருக்கணும்," என்றான்.

சண்டைக்கு வந்தவள் அவன் சட்டையில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். ஃபான் லெய், வழிகாட்டி.

விறுவிறுவென்று பஸ்ஸை நோக்கி நடந்தாள். பாதி வழியில்தான் அம்மா பக்கத்தில் இல்லை என்பது உறைத்தது. அம்மா வாசலிலேயே மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

"வாம்மா. பஸ் கிளம்பிடும்."

"கிளம்பட்டும். நீ சொல்லலையே," என்றாள் அம்மா. சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. "சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்து கண்ணே திறக்காம கிடந்தே. வாசல்ல நின்னு பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் உன்னை மீட்டேன். நாளைக்கு நான் ரயில் ஏறிடுவேன். உன்னைக் குறையா விட்டுட்டு எப்படிடி போவேன்?"

"அம்மா, அதெல்லாம் சும்மா கதை..."

ஹார்ன் அலறியது. பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "அந்த மலைக்காரம்மாவை ஏறச் சொல்லுங்கப்பா!" தொடர்ந்து சிரிப்பு.

ஷுவாங்கின் கண் நிறைந்தது. அப்போதுதான் ஃபான் லெய் வந்தான். சிரிக்கவில்லை. அம்மாவின் முன் கொஞ்சம் குனிந்தான்.

"அம்மா, உங்க ஊர்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"வீட்டுப் பக்கம் நின்னுக்கிட்டு, மூணு தடவை, முழுப் பேரைச் சொல்லி. எனக்குத்தான் தொண்டையே இல்லையே, தம்பி..."

"நான் கூப்பிடலாமா?"

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கூப்பிடு. அந்த மெஷின் வேண்டாம். அதுக்குப் பயந்தே உயிர் உள்ளே ஓடிடும்."

ஷுவாங் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு அந்தப் பக்கம், கல்லறைப் பக்கமாகப் போய் நின்றாள்.

"வெய் ஷுவாங்... வீட்டுக்கு வா!"

அசையவில்லை அவள். வீம்பு.

"வெய் ஷுவாங்... வீட்டுக்கு வா!"

பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆபீஸில் அவள் 'ஏய் கான்சு'. இந்த நகரத்தில் அவளை முழுப் பெயர் சொல்லி, வா என்று யார் கூப்பிட்டார்கள்?

மூன்றாம் முறை அவன் கூப்பிட்டபோது, சத்தமே வராமல் அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"வந்துட்டேன்..." வாசலைத் தாண்டி வந்து தழுதழுத்தாள் ஷுவாங். "திரும்பி வந்துட்டேன்மா!"

அம்மா அவள் தோளை, முதுகைத் தட்டித் தட்டித் தூசி போக்கினாள். பிறகு ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள். சூடு தாங்காமல் முழித்தவன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.

பஸ் படியில் தயங்கினான். "உங்க ஃபோன் நம்பர்... தர முடியுமா?"

"ஏன், கூப்பிட்டதுக்குக் கூலியா?"

சொன்ன நொடியே அவளுக்கே சுட்டது. அவன் முகம் அணைந்தது. "இல்லைங்க... ஏறுங்க," என்று விலகிக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

மறுநாள் ரயில் நிலையத்தில் அம்மா கேட்டாள். "அந்தப் பையன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்ல. நன்றி சொன்னியா?"

"இல்ல."

"ம்... படிச்சவ நீ," என்றாள் அம்மா. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு. அதே மழை. கல் வாசலுக்கு வெளியே, சிவப்புக் குடையோடு ஷுவாங்.

ஒரு கூட்டம் சிரித்துக் கத்திக்கொண்டு கடந்து போனது. கடைசியாக அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் வாசலுக்கு உள்ளேயே நின்றுவிட்டான்.

"இன்னிக்கு நீங்க என் குழுவுல இல்லையே, மேடம்... திட்டுறதுக்கு ஏதாவது பாக்கியா?"

"இருக்கு. என்னைத்தான் திட்டணும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எல்லாரும் எங்கம்மாவைப் பார்த்துச் சிரிச்சாங்க. நீங்க எப்படிக் கூப்பிடணும்னு கேட்டீங்க. ரொம்ப நன்றி. அதை அன்னிக்கே சொல்லாம, கூலியான்னு கேட்டேன். என் வாய் அப்படி."

"வாய் பரவாயில்ல... பழகிடும்," என்றான் அவன், மெல்ல.

சிரிப்பு முட்டியது அவளுக்கு. "தினமும் உள்ளே போறீங்களே... வெளியே வர்றப்போ உங்களை யார் கூப்பிடுவா?"

அவன் யோசித்தான். "யாருமில்ல. கூப்பிடுறதுதானே என் வேலை."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் ஷுவாங். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. "அதனால, நகராம அங்கேயே நில்லுங்க."

குடையை மடக்கினாள். மழை முகத்தில் விழுந்தது. வாசலுக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கம் நின்றுகொண்டு, மலை கேட்கும் குரலில் கூப்பிட்டாள்.

"ஃபான் லெய்... வீட்டுக்கு வா!"

மூன்று முறை கூப்பிட வேண்டும். அவன் முதல் முறைக்கே வந்துவிட்டான்.