பால் வற்றாத தோல்

இழுப்பறையைத் திறந்து தொட்டதும் முதலில் அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு கைகளையும் மேலங்கியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு பூனையின் வயிற்றை மறுபடி தொட்டாள்.

ஈரம்.

பத்து மாதங்களுக்கு முன்பு அவளே உரித்து, படிகாரம் தடவி, பஞ்சடைத்து, பொடித் தையலாகத் தைத்து மூடிய தோல் அது. கண்கள் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. கால்கள் அவள் நீட்டி வைத்தபடியே இருந்தன. அக்கம்பக்கத்து இழுப்பறைகளில் கிடந்த கீரியும் மரநாயும் சருகுபோல் காய்ந்துதான் இருந்தன. கூரை ஒழுகவில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மூலையில் வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. ஆனால் இதன் அடிவயிற்று மயிர் மட்டும் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்க, அந்துருண்டை நெடியையும் மீறி இளஞ்சூடாக, லேசான இனிப்போடு ஒரு வாசனை மேலெழுந்து வந்தது. ஐந்து மாதக் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருப்பவளுக்கு அது என்ன வாசனை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“என்ன ஊசியக்கா, இன்னுமா தட்டுல வைக்கல? பத்திரிகைக்காரங்க வந்தாச்சு.” வாசலில் துறைத் தலைவர் நின்றிருந்தார். செத்த விலங்குகளைத் தைத்துத் தைத்து அவளுக்கு அருங்காட்சியகம் முழுவதும் அந்தப் பெயர்தான். அவளைவிட இருபது வயது மூத்தவரும் அக்கா என்று கூப்பிடுவது அங்கே பழைய வேடிக்கை.

“கொஞ்சம் ஈரமா இருக்கு சார்.”

“துடைச்சிட்டா போச்சு. இன்னிக்கு நாளே உன்னோடதுதானேம்மா. உலகத்துல எத்தனை பேருக்கு ஒரு பூனை இனத்துக்கே தன் பேரு கிடைக்கும்?”

உண்மைதான். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் காட்டுப்பூனைக்கு, லத்தீன் வால் ஒன்றை ஒட்டி, அவள் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கட்டுரை வெளியான அன்று தலைவரே கைகுலுக்கிச் சொன்னார். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பஞ்சை எடுத்துத் துடைத்தாள். முன்பும் ஒருநாள் இப்படித்தான் துடைத்தாள்.

காட்டில் மரத்தில் கட்டிய கேமராவில் அது முதலில் விழுந்தது. புகை நிற உடம்பு. துருப்பிடித்த நிறத்தில் முதுகெல்லாம் புள்ளிகள். தோளருகே அவை ஒன்றோடொன்று கூடி ஒரே கோடாக ஓடின. அப்படியொரு பூனை எந்தப் புத்தகத்திலும் இல்லை. படத்தை வைத்துக்கொண்டு யாரும் புதிய இனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், உடல் வேண்டும் என்றார் தலைவர். ஒன்றே ஒன்றைப் பிடிக்க அனுமதி வாங்கினார். காட்டுக் காவலர் பொறி வைத்துப் பிடித்துக் கூண்டோடு கொண்டுவந்து இறக்கினார். அது சீறவில்லை, கம்பியைக் கடிக்கவில்லை. வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. உயிரைப் போக்கும் ஊசியைப் போட்டது அவள்தான். அப்போது அவளுக்கு நாலாம் மாதம்.

உடம்பின் சூடு ஆறுவதற்குள் கத்தியை வைத்தாள். வயிற்றுத் தோல் பிரிந்ததும் இரும்பு மேசையில் வெள்ளையாக வழிந்தது.

அறையில் அவளைத் தவிர யாருமில்லை. எதிரே சுவரில் தொலைபேசி இருந்தது. அதன்மேல் காட்டுக் காவலரின் எண்ணும் ஒட்டியிருந்தது. பொறி வைத்த இடத்துக்கு ஜீப்பில் இரண்டு மணி நேரம். எங்கோ ஒரு பொந்தில் குட்டிகள் அம்மாவுக்காகக் காத்துக் கிடக்கும். அன்று தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் பால் கொடுக்கும் தாயைக் கொன்றுவிட்டார்கள் என்று வெளியே தெரிந்தால் கட்டுரை நின்றுபோகும், அனுமதி போகும். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு தலைவரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. பிள்ளை பிறக்கப்போகிற நேரம். அவள் பஞ்சால் துடைத்தாள். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தாள். காலில் கட்டும் சீட்டில், ‘பெண். முதிர்ந்தது. பால் சுரப்பு இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினாள்.

கூட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. வெல்வெட் துணிமேல் பூனை கிடந்தது. படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள், அவளையும் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த நிருபர் பெண் கை தூக்கினாள்.

“இதுக்குக் குட்டிங்க ஏதும் இருந்துச்சா?”

தலைவர் பக்கத்தில் நின்ற ஊசியக்காவைப் பார்த்தார். “தைச்சுப் பாடம் செஞ்சவங்களே சொல்லட்டும்.”

அவள் நிருபரைப் பார்த்துச் சொன்னாள். “இல்லைங்க. தனியா திரிஞ்ச பூனைதான்.”

சொல்லி முடிக்கவும் பக்கத்தில் ஏதோ மிக மெல்லச் சொட்டியது. வெல்வெட்டின் ஓரம் கறுத்து, மேசை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. யாரும் கவனிக்கவில்லை. அவள் செருப்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தினமும் இந்நேரத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டி, தொட்டாலே தெறிக்கும். மதியம் ஓடிப்போய்ப் பீய்ச்சிவிட்டு வருவாள். இன்று வலியே இல்லை. கூட்டத்துக்கு முதுகைத் திருப்பி மேலங்கிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். வெறும் பைபோல் தொங்கியது. ஒரு சொட்டுகூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் நடைவழியில் தலைவரை மறித்தாள்.

“சார், அதுக்குப் பால் இருந்துச்சு. நான்தான் இல்லைன்னு எழுதிட்டேன்.”

அவர் முகத்தில் வியப்பே இல்லை. கையிலிருந்த காபியை ஒரு வாய் உறிஞ்சினார். “தெரியும்மா. மேசையை நீ சரியாத் துடைக்கல. அன்னிக்கே பார்த்துட்டேன். இல்லைன்னு எழுதினியே, புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டேன்.”

“குட்டிங்க செத்திருக்கும் சார்.”

“பத்து மாசம் ஆச்சு. இனி அழுது என்ன ஆகப்போகுது? போ, போய் ஒரு வாய் காபி குடி.”

அவர் போய்விட்டார். அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவனுக்கு அச்சகத்தில் இரவு வேலை. பகலில் ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கிவிட்டு, தொட்டிலருகே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டே குழந்தையைப் பார்த்துக்கொள்வான். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தான்.

“பாப்பா பால் குடிச்சாளா? புட்டியில வச்சிட்டு வந்தேனே...”

“என்ன கிண்டலா?” தூக்கம் கலையாத குரல். “புட்டியை எங்க தொட விட்டே? நீயேதான் வந்து வந்து கொடுத்துட்டுப் போறியே.”

“நானா?”

“பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? கண்ணைத் திறக்க முடியல, ஆனா காது கேக்குமில்ல? தொட்டில்ல இருந்து எடுத்தே, பீரோ பின்னாடி போட்டே, அப்புறம் குளியலறைக்குத் தூக்கிட்டுப் போனே. குட்டி போட்ட பூனை மாதிரி ஏன்டி இப்படி அலையுறே? ஒரு இடத்துல விடேன் பிள்ளையை.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“லைட்டையாவது போட்டிருக்கலாம்ல,” என்றான் அவன். “ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தா, இருட்டுல உன் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது.”

“எழுந்திரு! பாப்பா எங்கன்னு பாரு! நான் ஆபீஸ்லதான் இருக்கேன்!”

அந்தப் பக்கம் போன் தரையில் விழுந்த சத்தம்.

அவள் ஓடினாள். நல்ல வெயில். தெருவில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். கிடைத்த வண்டியில் ஏறி, சிக்னலில் நின்ற ஒவ்வொரு நொடியும் பல்லைக் கடித்தாள். பாவி. ஒரு போன். ஒரே ஒரு போன் செய்திருக்கலாம்.

கதவு திறந்து கிடந்தது. கணவன் கூடத்தில் நின்றிருந்தான். முகத்தில் ரத்தமில்லை.

“எல்லா இடமும் பார்த்துட்டேன்...”

தொட்டில் காலி. துணி இன்னும் சூடாக இருந்தது. பீரோவின் பின்னால் குழந்தையின் ஒரு காலுறை, நனைந்திருந்தது. குளியலறை மூலையில் சட்டை. கழுத்துப்பட்டையில் வரிசையாகப் பொத்தல்கள். படிக்கட்டில் வெள்ளையாக ஒரு சொட்டு. இரண்டு படி தள்ளி இன்னொன்று.

மொட்டை மாடி.

“நீ இங்கயே நில்லு,” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மேலே சுட்டெரிக்கும் வெயில். நடுவே தண்ணீர்த் தொட்டி. நான்கு செங்கல் கால்கள். அதன் அடியில் ஒரு முழ உயரத்துக்கு இருட்டு. உள்ளேயிருந்து சப்புக்கொட்டும் சத்தம். நிதானமாக. பசியாறுகிற சத்தம்.

தரையில் குப்புறப் படுத்தாள். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

குழந்தை ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தது. உயிரோடு. தலைமயிர் முழுவதும் ஒரே பக்கமாக நக்கிவிடப்பட்டுப் படிந்திருந்தது. வாய் எதையோ கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே எதுவுமில்லை. வெறும் காற்று. ஆனால் குழந்தையின் கன்னம் எதிலோ அழுந்திச் சப்பையாகியிருந்தது.

“கண்ணு... அம்மாகிட்ட வாடி...”

கையை நீட்டினாள். குழந்தை வாயை எடுக்காமலே கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. உதட்டோரம் சுருங்கி மேலேறியது. ஐந்து மாதத் தொண்டையிலிருந்து ஒரு சீறல்.

கை நின்றுவிட்டது.

வெளிச்சம் ஆடியது. குழந்தைக்கு அந்தப் பக்கம், அதே வரிசையில், அதே மாதிரி ஒருக்களித்து, இன்னும் மூன்று கிடந்தன. உள்ளங்கை அகலம். காய்ந்து, விலா எலும்பெல்லாம் தெரிய, மண்ணும் சருகும் ஒட்டிக்கொண்டு. கண் திறக்காமலே செத்தவை.

மூன்றின் தொண்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.