தூணில் பதிந்த வெட்டு

1931. கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர் தோட்டம். காலை ஏழு மணிக்கு, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைவீட்டு வாசலில் தோட்டத்துக் கணக்கர் கிராணி தம்புசாமி செத்துக் கிடந்தார். மேலே கப்பியில் தொங்கவிட்டிருந்த ரப்பர் மூட்டை அவர் தலையில் விழுந்திருந்தது.

போலீஸ் சார்ஜன் பேசில் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. மலேரியாக் காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். நிற்க முடியாமல் ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

கயிறு தானாக அறுந்ததல்ல. கப்பியிலிருந்து இறங்கி, உருண்டையான மரத்தூணை ஒட்டியே வந்து, அடியில் இரும்பு வளையத்தில் கட்டியிருந்த கயிற்றை யாரோ இடுப்புயரத்தில் வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு புல்லரிவாள் கிடந்தது.

அது பவுனம்மாளுடையது. தோட்டத்து மாடுகளுக்குப் புல்லறுப்பவள். நேற்றுத்தான் கிராணியை நாலு பேர் கேட்க ஏசியிருந்தாள்.

"நீதான் அறுத்தியா?"

"இல்லீங்கய்யா. சத்தம் கேட்டு ஓடியாந்தேன். அவரைப் பாத்ததும் அரிவா கைய விட்டு நழுவிருச்சு."

"பொய்யிங்கய்யா. நான் கண்ணால பாத்தேன்," என்றான் விஜயன். புகைவீட்டில் வேலை செய்பவன்; இடுப்பில் காடு வெட்டும் நேரான பாராங் கத்தி. "அரிவாளைத் தூணோட கொக்கி மாதிரி மாட்டி இழுத்தா."

கூட வந்த போலீஸ்காரர் விலங்கை எடுத்தார். அதோடு முடித்துக்கொண்டு போய்ப் படுக்கத்தான் பேசிலுக்கும் ஆசை. ஆனாலும் எழுந்து தூணருகே போனார். எல்லாரும் கயிற்றையே பார்த்திருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் மரத்திலும் ஒரு வெட்டு இருந்தது. விரலகலம்தான்; ஆனால் ஆழம்.

அரிவாளைத் தூணின் மறுபக்கத்தில் மாட்டி இழுத்தார். கீறல் பாதித் தூணைச் சுற்றி ஓடியது.

"விஜயா, உன் கத்தியைக் குடு."

வாங்கித் தூணில் ஒரு போடு போட்டார். விரலகல வெட்டு.

"வளைஞ்ச வாய் உருண்டை மரத்தைக் கட்டிப் பிடிக்கும். நேர் வாய் ஒரு இடத்துலதான் தொடும்." பேசிலின் குரல் களைத்திருந்தது. "அரிவா மாட்டுன தடமே இங்க இல்ல. இல்லாததைப் பாத்தேன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான். வெட்டுனதும் நீதான்."

விஜயன் தரையைப் பார்த்தான். "கிராணி என் பொஞ்சாதிய ராத்திரி அவரு வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் விட்டுக்கிட்டே இருந்தாருங்கய்யா."

"அதுக்கு இவளை ஏன் மாட்டிவிட்டே?"

"இவளுக்குன்னு யாரும் இல்லீங்க. உள்ள போனாலும் அழ ஆளில்ல."

பவுனம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். பேசில் அவளைப் போகச் சொன்னார். அவள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகாமல் கூலிகளின் லயத்து வீடுகளை நோக்கி நடந்தாள்.

"அங்க எதுக்குப் போறே?"

"அவன் பொஞ்சாதி மாசமா இருக்குங்கய்யா. போலீசு போய் நின்னா பயந்துரும். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."