தாளை விட்டு மேலே

காலையில் பார்த்தபோது, பழைய புகைப்படத்தில் அந்த அம்மாளின் முகம் தாளின் நாருக்குள் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நாருக்கு மேலே இருந்தது.

தஹ்மீனா பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படத்தின்மேல் நிறுத்தினாள். கால் வைத்த சின்னக் கண்ணாடி, தாளின்மேல் தானே நிற்கும். பழைய படம் எப்படி அச்சானது என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை, கண்ணுகளா. உருவம் நாருக்குள் ஊறிக் கிடந்தால் உப்பு அச்சு, ஆகப் பழசு. நாருக்கு மேல் மெல்லிய பளபளப்பில் நின்றால் முட்டை வெண்கரு. நாரே தெரியாமல் கெட்டிப் பூச்சில் நின்றால் ஜெலட்டின், பிற்காலத்தது. போன மாதம் ஒரு படத்தை மாற்றிச் சொல்லி, நாலு பேர் நடுவில் தலைகுனிந்து வந்தவள் அவள். இன்னொரு தப்பு நேர்ந்தால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

'உப்பு' என்று எழுதிய அறிக்கையைக் கிழித்துவிட்டு, 'வெண்கரு' என்று எழுதினாள்.

நன்னிலத்துக்கு வெளியே, வயலை ஒட்டிய வீடு. அறுவடை மெஷின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த ஈர வைக்கோல் வாசனையும் டீசல் புகையும், அறைக்குள் எங்கிருந்தோ கிளம்பிய பச்சை மஞ்சள் வாசனையோடு கலந்து மூக்கில் ஏறின.

சாப்பிட்டு வந்து பார்த்தாள். நாரே இல்லை. ஜெலட்டின். எரிச்சலில் இரண்டாவது அறிக்கையையும் கிழித்தாள்.

வீட்டுக்காரர் சாரங்கபாணி எட்டிப் பார்த்தார். படத்தை எடுத்துப்போக ஆறு மணிக்குக் கண்காட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்று மூன்றாம் முறையாக நினைவூட்டினார்.

"உங்க படம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது சார். யாரு இவங்க?"

"எங்க கொள்ளுத்தாத்தாவோட மூத்த சம்சாரம். உசிரோட இருந்தப்போ படம் எடுக்க விடலை. போன அன்னைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, நாற்காலியில சாத்தி வெச்சு எடுத்தாங்க. அப்ப அது வழக்கம்." சிரித்தார். "செத்தவங்க எங்கம்மா நகரப் போறாங்க? எதையாவது எழுதிக் குடுங்க."

எதையாவது. அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

வயலில் மெஷின் நின்றது.

கண்ணாடியில் புகைபோல் ஈரம் படர்ந்தது. மேலே துடைத்தாள். போகவில்லை. எடுத்துக் கீழ்ப்பக்கம் துடைத்தாள். போயிற்று. வைத்தாள்.

மறுபடி படர்ந்தது. கீழ்ப்பக்கம். மூக்கிருந்த இடத்தில்.

விடக்கூடாது என்று ஒரு வீம்பு. கண்ணாடியை முகத்தைவிட்டு நெஞ்சின் பட்டுக்கரைக்கு நகர்த்தினாள். கையை எடுத்தாள்.

கண்ணாடி ஒரு நெல்மணி உயரம் எழுந்தது.

இறங்கியது.

எழுந்தது. இரண்டு நெல்மணி உயரம்.

இறங்கவில்லை.