பிரிஜித்தின் நாற்காலி

மேசையைச் சுற்றி மூன்று பேர்தான், நாற்காலிகள் நான்கு. நான்காவதன் முதுகில் மடித்த துண்டு ஒன்று தொங்கியது. ஹம்சாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பட்டினப்பாக்கம் கடலோரத்தில் அந்த மாடிக்கு அவர்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கீழே வீட்டுக்காரி நோரா மிஸ். அயர்லாந்திலிருந்து பாட்டு டீச்சராக வந்து, இங்கேயே கிழவியாகி, மீன்காரப் பெண்களிடம் கற்ற தமிழில் வெளுத்துக் கட்டுபவள். "எங்க ஊர் பண்டிகை, கொழந்தைய இட்டுகினு வா" என்று அவள் கூப்பிட்டால், மயிலாப்பூரில் வளர்ந்த ஹம்சாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? ஏழு வயது மகள் ஸஹானாவுக்குப் பாவாடை கட்டி, தட்டில் பழத்தோடு இறங்கி வந்துவிட்டாள்.

அக்டோபர் கடைசி நாள். ஐப்பசி மழை. விளக்கு வைக்கும் நேரத்துக்கே கரண்ட் போயிற்று. ஹம்சாவுக்காக முட்டை போடாமல் சுட்ட திராட்சை ரொட்டியின் வாசனைக்கு அடியில் பாசி நாற்றம் ஒன்று இருந்தது. நோரா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வாசல் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"என் தங்கச்சி பிரிஜித். எங்க ஊரு கடல்ல பூட்டா, ஏழு வயசுல. வருஷா வருஷம் இன்னிக்கி வந்து குந்துவா, தலை காஞ்சதும் போயிடுவா. நீ வாயத் தொறக்காத ஹம்சா. பேசினவங்களோட ஒட்டிக்குவா."

ஹம்சா சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. ஸஹானாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் தகரத்தில் கொட்டுகிற மழைக்கும் தெருமுனையில் இரைகிற கடலுக்கும் நடுவே, வாசற்படியில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது, இன்னொன்று கேட்டது, கதவு உள்ளே நகர, மெழுகுவத்தி படுத்து எழுந்தது, சிவப்புச் சிமெண்டுத் தரையில் சின்னச் சின்ன ஈரத்தடங்கள் ஒவ்வொன்றாக மேசைவரை வந்தன. நாற்காலி கிறீச்சிட்டது. துண்டு கனத்தது. சொட்டியது.

ஆளில்லை. சொட்டு மட்டும்.

ஸஹானா அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். ஹம்சா குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

வெகுநேரம் கழித்துத் தடங்கள் வாசலுக்குத் திரும்பின. அங்கே நின்றன. விரல்கள் வீட்டைப் பார்த்தபடி. சொல்லிக்கொண்டு கிளம்பக் காத்திருக்கும் குழந்தை. மழையில், தனியாக. யாரையும் வெறுமே 'போ' என்று அனுப்பாத வீட்டில் பழகிய நாக்கு ஹம்சாவுடையது.

"போயிட்டு வாம்மா."

நோரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சொந்தத் தங்கச்சிகிட்ட நான் ஒரு வார்த்த பேசாம கீறேன். நீ வான்னு சொல்லிட்டியே" என்று அழுதாள். அவள் அழுததுதான் ஹம்சாவை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் சாயங்காலம், லக்ஷ்மி வரும் நேரமென்று தினமும் திறந்து வைக்கும் மாடிக் கதவை ஹம்சா தாழ் போட்டாள். மழைகூட இல்லை. திரும்பினாள்.

பாசி நாற்றம்.

கூடத்து நாற்காலிக்குப் பின்னால் ஸஹானா. கையில் துண்டு. யார் தலையையோ துவட்டிக்கொண்டிருந்தாள்.

'போ' என்று கத்த வேண்டும். நாக்கு எழவில்லை.

ஸஹானா நிமிர்ந்தாள். அவள் பின்னலிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. மணலோடு. ஒரு கையை நீட்டி, எதையோ இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அம்மா, நாங்க போயிட்டு வரோம்."

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.