சமாதானம், முதல் பதிப்பு

ஊரில் யாரும் யாரிடமும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வேலையைக் குரல்துணை பார்த்துக்கொண்டது. காதோரம் மிளகளவு ஒட்டியிருக்கும் அந்தப் பொறி, சண்டை முற்றியதும் உரியவரின் குரலிலேயே அடுத்தவருக்கு மன்னிப்பை அனுப்பிவிடும். அங்கிருக்கும் பொறி அவர் குரலிலேயே அதை ஏற்றுக்கொள்ளும். முறைத்துக்கொண்டு படுத்த புருஷன் பெண்டாட்டிக்கு, தாங்கள் சமாதானமாகிவிட்ட சேதி காலையில்தான் தெரியவரும்.

இத்தனையும் செய்வது அதற்குள் ஓடும் ‘சமாதானம்’ என்ற சின்ன மென்பொருள் நிரல்கூறு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்துப் பொதுக் களஞ்சியத்தில் கிடக்கிறது. ஆக்கியவர் என்ற இடத்தில் மெய்யப்பன், கோயம்புத்தூர் என்று இருக்கும்.

உண்மையில் ஆக்கியவள் பியூலா. அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினாள். பெயர் வைத்ததும் அவள்தான். மாதிரி உரையாடல் இல்லாமல் களஞ்சியம் எதையும் ஏற்காது. அதனால் மெய்யப்பனோடு தான் போட்ட ஒரு சண்டையையே எழுதி, “சரி விடு மெய்யப்பா, டீ ஆறிப்போவுது” என்று முடித்து வைத்தாள். வேறு பதில் அமையாதபோது பொறி அந்த வாக்கியத்தையே சொல்லும், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும். மெய்யப்பன் சேர்த்தது ஒரே வரி. பேசுவது பொறியோ என்று யாராவது சந்தேகப்பட்டால், “நான்தான், வேற யாரு?” என்று அது சொல்ல வேண்டும்.

அப்பாவின் ஆபரேஷனுக்காக அவள் பாளையங்கோட்டை போயிருந்த வாரம் அவன் அதைத் தொகுத்துக் களஞ்சியத்தில் ஏற்றினான். அங்கே முந்தியவருக்கே பெயர் சொந்தம். வேறு யாராவது ‘சமாதானத்தை’ப் பதிந்துவிடுவார்களோ என்று பயம். ஆக்கியவர் பெயருக்கு இருந்ததோ ஒரே கட்டம். முத்திரை விழுந்தபின் அதை மாற்ற முடியாது என்பது தெரிந்தும், தன் பெயரைப் போட்டான். திரும்பி வந்தவள் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தாள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

பிறகு மேடைமேடையாக மாலை விழுந்தது. விழ விழ உறுத்தியது. அவன் குரல்துணை அவளுக்கு எத்தனையோ முறை மன்னிப்பு அனுப்பியிருந்தது, எல்லாம் ஏற்கப்பட்டும் இருந்தன. அவனுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒருநாள் பொறியைக் காதிலிருந்து பிய்த்து வீட்டிலேயே போட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு ரயில் ஏறினான்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வந்தவரையும் வீட்டாரையும் பேசவைக்கும் வாசல்பொறியின் அருகே குனிந்து, வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னான்.

“பியூலா, அது உன்னோடது. அவசரத்துல உன் பேர் விட்டுப்போகல. தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

வாசல்பொறியிலிருந்து அவள் குரல் வந்தது.

“சரி விடு மெய்யப்பா, டீ ஆறிப்போவுது.”

இத்தனை வருடப் பாரம் இறங்கிவிட்டதென்றே நினைத்தான். அந்த வாக்கியத்தை எங்கே படித்தோம் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை.

“பியூலா, பேசறது நீதானா?”

“நான்தான், வேற யாரு?”