இரண்டு மணி அடித்தால் அத்தா

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் சமீரா வீட்டு போன் சரியாக இரண்டு முறை அடித்து நின்றுவிடும். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் குவைத்தில் டிரைவராக இருக்கும் அவள் அப்பாவுக்கு, அதாவது அத்தாவுக்கு, காசு போய்விடும். எடுக்காவிட்டால் செலவே இல்லை. இரண்டு மணி என்றால், 'நான் நல்லா இருக்கேன்' என்று அர்த்தம்.

லப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெரு முழுவதும் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்கு மூன்று மணி. எதிர் வீட்டுக்கு ஒரே ஒரு மணி. அந்த வீட்டு மாமா இலவசத்தில்கூடச் சிக்கனம் பார்ப்பவர்.

2003 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடிக்கவே இல்லை.

முந்தின நாள்தான் ஈராக்கில் சண்டை தொடங்கியிருந்தது. டி.வி. முழுக்கப் புகை. கீரை ஆய உட்கார்ந்த அம்மா, இலையைக் குப்பையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, சண்டை ஈராக்குலதானே? அத்தா இருக்கறது குவைத்து. வேற நாடு. மேப்புல காட்டவா?" என்றாள் சமீரா.

ஆறாம் வகுப்பில் சமூக அறிவியல் என்றால் சமீராதான். அசோகர் எங்கே சண்டை போட்டார், எப்போது மனம் மாறினார், எத்தனை மரம் நட்டார் என்பதுவரை சொல்வாள். மரக்கணக்கு மட்டும் அவளாகச் சேர்த்தது.

"குண்டு என்ன, மேப்பு பாத்துட்டா வருது?" என்றார் அம்மா.

சனிக்கிழமை காலையிலும் மணி அடிக்கவில்லை. அம்மா சாப்பிடவில்லை. ஐந்து வயது தம்பி அஸ்ஃபாக் போன் பக்கம் போனான்.

"தொடாதடா! நாம எடுக்கிற நேரத்துல அத்தா அடிச்சா என்னா பண்றது?" என்று கத்தினார் அம்மா.

அஸ்ஃபாக் சூடுபட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

சமீரா டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை எவ்வளவு போட்டோம் என்ற சந்தேகத்தில் மறுபடியும் போட்டிருந்தாள். அம்மா அதைக் குடித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அப்போதுதான் சமீராவுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"அம்மா, எல்லாரும்தான் டி.வி. பாக்கறாங்க. நீ மட்டும் ஏன் இப்படி இருக்கே?"

அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"தொண்ணூறாம் வருஷம் குவைத்துலயே சண்டை வந்துச்சு. ஈராக் பட்டாளம் உள்ள பூந்துடுச்சு. அத்தா அங்கதான் மாட்டிக்கிட்டாரு."

"நம்ம அத்தாவா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"நீ பொறக்கவே இல்லையே."

"பொறக்காட்டி என்னா, அப்புறமாச்சும் சொல்லலாம்ல?"

"நீ பரீட்சைக்குக் கேள்வி கேளுன்னு புத்தகத்தைத் தருவே. அதுல இது இல்ல" என்றார் அம்மா.

வரலாறு என்பது ராஜாக்களுக்கு நடப்பது என்றுதான் சமீரா நினைத்திருந்தாள். லுங்கி கட்டிக்கொண்டு, டி.வி. முன்னால் குறட்டை விடுகிற தன் அத்தாவுக்கும் நடந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"அப்புறம்?"

"ஒன்றரை மாசம் ஒரு சேதியும் இல்ல. எல்லாரும் பஸ் ஏறி, பாலைவனத்துல கூடாரம் போட்டுக் கெடந்து, ஜோர்டான் போயி, அங்கேருந்து ஏரோப்ளேன். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எங்களுக்குக் கல்யாணமாயி அப்பத்தான் ஒரு வருஷம். இந்தத் தெருவுல ஒரு வூட்லயும் அடுப்பு சரியா எரியல."

"எப்படித்தான் தெரிஞ்சுது?"

"அப்ப யாரு வூட்ல போன்? கடைத்தெரு வேணுகோபால் ஜவுளிக்கடையில ஒண்ணு இருந்துச்சு. அத்தா பம்பாய்ல எறங்கி அங்கதான் போன் போட்டாரு. வேணு அண்ணன் துணி அளக்குற கோலைக் கையில புடிச்சுக்கிட்டே ஓடி வந்தாரு. 'வந்துட்டான்! வந்துட்டான்!'னு. அடிக்க வர்றாரோன்னு பயந்துட்டேன்."

அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கண் மறுபடியும் போனுக்குப் போனது.

சமீராவும் போனைப் பார்த்தாள். திடீரென்று எழுந்தாள்.

"அம்மா, திட்டாதே. ஒரே நிமிஷம்."

"ஏய், எடுக்காத!"

எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். எப்போதும் கேட்கும் 'ங்ங்' சத்தம் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி இருந்தது.

"இது செத்துப் போச்சும்மா! அத்தா அடிச்சிருந்தாலும் நமக்குக் கேட்டிருக்காது."

அம்மா வாங்கிக் கேட்டார். முகத்தில் கொஞ்சம் நிம்மதி, உடனே முன்னைவிடப் பெரிய கவலை.

"அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது? அவரு நம்பரு அந்த முதலாளி வூட்டு நம்பரு. அங்க அடிச்சா அவரைக் கூப்புட்டுத் தர மாட்டாங்க."

"நம்ம வூட்டுக்கு லைன் கெடைக்கலேன்னா அத்தா என்னா பண்ணுவாங்க?" சமீரா நகத்தைக் கடித்தாள். "போன தடவ என்னா பண்ணாங்க?"

"எந்தப் போன தடவ?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி!"

அம்மா அவளையே பார்த்தார். அடுத்த நொடி மூன்று பேரும் தெருவில் இருந்தார்கள். அம்மாவின் காலில் ஒரு செருப்பு அவருடையது. இன்னொன்று சமீராவுடையது.

ஜவுளிக்கடையில் வேணுகோபால் போனை முறைத்துக்கொண்டு நின்றார்.

"வேணு மாமா, குவைத்துலேருந்து போன் வந்துச்சா?"

"போனா? நேத்து சாயங்காலத்துலேருந்து எவனோ வெளையாடறான் பாப்பா! நான் ஏணியிலேருந்து எறங்கி வர்றதுக்குள்ள வச்சுடறான். இன்னைக்குக் காலையிலேயே மூணு தடவ ஏறி எறங்கிட்டேன். முட்டி கழண்டு போச்சு."

"எத்தனை மணி அடிக்குது மாமா?"

"ரெண்டு. அதென்ன கணக்கோ, ரெண்டே ரெண்டு!"

அம்மா அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அஸ்ஃபாக் பயந்துபோய் அதை விலக்கிப் பார்த்தான். அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

"உங்க அத்தா ஜபருல்லாவா அது?" வேணுகோபால் தலையில் கை வைத்தார். "அடப்பாவி! ஒரு வார்த்தை பேசித் தொலைக்கக் கூடாதா?"

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன் அடித்தது. வேணுகோபால் கை நீட்டினார். அதற்கு முன்னால், முதல் மணி முடிவதற்குள்ளேயே, அம்மா பாய்ந்து எடுத்துவிட்டார்.

"அலோ..."

"யாரு, ரஹ்மத்தா?" அத்தாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஏன் எடுத்தே? ரெண்டு மணி அடிச்சா போதும்ல?"

"போதாது" என்றார் அம்மா.



"நல்லா இருக்கேன். சைரன்தான் அப்பப்ப அடிக்குது. நம்ம தெரு ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. வேணுவுக்கு ரெண்டு மணின்னா நான்தான்னு தெரியாதா?"

வேணுகோபால் போன் பக்கம் குனிந்து கத்தினார்: "தெருவுக்கே ஆளுக்கொரு மணி வச்சிருந்தா, நான் ஜவுளி விக்கறதா, மணி எண்ணறதா?"

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டார் அம்மா.

அந்தச் சண்டைக்கும் இந்தச் சண்டைக்கும் நடுவில் கேட்க ஆயிரம் கேள்விகள் இருந்திருக்கும். அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது சமீரா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றாள். "மாமி, போனை எடுத்துக் காதுல வச்சுப் பாருங்க! செத்துப் போயிருக்கும். மேலத்தெருவுல குழாய்க்குத் தோண்டினப்ப வயரை வெட்டிட்டாங்களாம், வேணு மாமா சொன்னாரு. அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களாம்!"

தெரு முழுவதும் ஒருவர்கூட போனைத் தொட்டிருக்கவில்லை. அத்தனை பேரும் மணிக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வேணுகோபால் கடையில் திருவிழாக் கூட்டம்.

அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு பாயில் படுத்தவர், உடனே தூங்கிப்போனார்.

"அக்கா, அந்தப் பழைய சண்டையப்ப நான் எங்க இருந்தேன்?" என்று கிசுகிசுத்தான் அஸ்ஃபாக்.

"நீ இல்லவே இல்ல."

"நீ?"

"நானும் இல்ல."

அஸ்ஃபாக் தூங்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப அம்மா தனியாவா இருந்துச்சு?"

சமீராவுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அஸ்ஃபாக் நகர்ந்து நகர்ந்து போய் அம்மாவின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான். சமீரா மறுபக்கம் போய்ப் படுத்தாள். நடுவில், இடமே இல்லாமல், அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.